கண்ணாடித் தொட்டியில் ஒரு பிடி உப்பு

மதியம் இரண்டு பத்து. தங்கை அலமேலு உள்ளறையில் படுத்துவிட்டாள். சாப்பிட்டுப் படுத்தால் ஒரு மணி நேரம் எழமாட்டாள். அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை இருமுவாள். முதல் இருமல் கேட்டதும் நான் அடுக்களைக்குப் போய் உப்புச் சாடியைத் திறந்தேன்.

கல் உப்பு. தூத்துக்குடியில் வேறு எதற்குத் தட்டுப்பாடு வந்தாலும் இதற்கு வராது. வலது கையால் ஒரு பிடி அள்ளிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன்.

சன்னலோர மேசையில் கண்ணாடித் தொட்டி இருந்தது. உள்ளே ஒரு செவ்வரளி, காம்பில் கட்டிய ஈயக்குண்டின் பலத்தில் தண்ணீருக்குள் நிமிர்ந்து நின்றது. ஐந்து இதழ்கள். ஒவ்வொன்றின் மேலும் ஊசிமுனை அளவில் காற்றுக்குமிழிகள் ஒட்டியிருந்தன. ஓர் இதழில் மட்டும் எண்ணிப் பார்த்தேன். இருபத்தாறு.

பூவின்மேல் படாமல் ஓரமாகக் கையைத் தாழ்த்தி உப்பை விட்டேன். கரண்டிக் காம்பால் இரண்டு சுற்றுக் கலக்கினேன். மேசையில் சிந்திய ஒன்பது கல்லையும் பொறுக்கி வாயில் போட்டுக்கொண்டேன். மூன்றாவது இருமல் கேட்டபோது நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்திருந்தேன்.

எழுபத்து மூன்று வயதில் திருட்டுத்தனமாக ஒரு பூவைக் கொன்றேன். ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

அதற்கு முன் ஒரு திருத்தம். போன வாரம் எழுதிய கப்பல் கதையில், நான்கு தளங்களிலும் நான் கொடுத்திருந்த மூட்டைகளைக் கூட்டினால் நாற்பது குறைகிறது என்று கோவில்பட்டியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது சரி. மூன்றாம் தளத்தைத் தவறாக எழுதிவிட்டேன். கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு

இந்தத் தொடரைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்காக: நான் துறைமுகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு டாலி கிளார்க்காக இருந்தேன். கப்பலின் சரக்கு அறை விளிம்பில் நின்றுகொண்டு, கிரேன் தூக்குகிற ஒவ்வொரு சிலிங்குக்கும், அதாவது கயிற்றில் கோத்த ஒவ்வொரு சரக்குக் கட்டுக்கும், ஒரு கோடு போடவேண்டும். நான்கு கோடு நேராக, ஐந்தாவது குறுக்காக. அவ்வளவுதான் வேலை. பி.எஸ்ஸி. கணிதம் படித்தவனுக்கு இது போதுமா என்று அப்பா கேட்டார். எனக்குப் போதுமானதாக இருந்தது.

வேலை போய்விட்டது, பழக்கம் போகவில்லை. மாடிப்படி, கொசு, தோசை, எதிர்வீட்டு நாய் குரைப்பது, எல்லாவற்றுக்கும் மனத்துக்குள் கோடு விழுந்துகொண்டே இருக்கும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேட்டபோது, எண்ணுவதை நிறுத்தினால் அதுவே குறையும் என்றார். அப்படி அவர் சொன்னது நான்காவது முறை.

என் மனைவி இறந்த பிறகு அலமேலு தன் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு என்னோடு வந்து சேர்ந்தாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள். மேல்நிலைப் பள்ளியில் முப்பத்தொரு ஆண்டு தாவரவியல் ஆசிரியை. நாங்கள் பிறந்தது தாமிரபரணிக் கரையில் ஒரு பெருமாள் கோயில் ஊர். அப்பாவும் ஆசிரியர்தான். கூடப் பிறந்தவர்கள் வேறு யாரும் இல்லை.

வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். பேச்சு குறைவு. சண்டை ஒரு நாளைக்குச் சராசரியாக நான்கு. பெரும்பாலும் மின்விசிறியை எந்த எண்ணில் வைப்பது என்பதுபற்றி.

ஏழு பாகத்தில் நின்ற மலர்வளையம்

தொட்டியில் பூ வைத்துப் படமெடுக்கிற யோசனை அலமுவுக்கு வந்தது செலஸ்டின் அண்ணாச்சியால்.

அவர் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். இவர் காலத்தில் முத்துக்குளிப்பு நின்றுபோனதால் சங்கு மட்டும் எடுத்தார். வலது காது கேட்காது. அவர் வந்தால் நான் இடதுபக்கம் உட்கார்ந்துகொள்வேன். அவருக்கும் எனக்கும் ஒரே வயது. இருந்தாலும் ஒருவரை ஒருவர் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம்.

ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே பழைய கதை ஒன்று சொன்னார். எங்கள் கடற்கரைக்கு எதிரே இருக்கிற தீவுக்குக் கிழக்கே ஏழு பாகம் ஆழத்தில் இறங்கியிருக்கிறார். ஒரு பாகம் என்பது ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த அளவு. அடியில் வெறும் மணல். அந்த மணலில் ஒரு மலர்வளையம் நின்றுகொண்டிருந்ததாம். இரும்பு வளையத்தின் கனத்தில் கீழே போயிருக்கிறது. பூக்கள் மட்டும் மேல்நோக்கி எழும்பி நின்றிருக்கின்றன. மஞ்சளும் வெள்ளையும் சாமந்தி. யாருக்காக யார் கடலில் விட்டதோ தெரியாது.

"ஒவ்வொரு பூவுலயும் காத்து வெள்ளி மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு டீச்சர். உசுரு போகாத மாதிரிதான் இருந்துச்சு. அன்னைக்கு நான் ஒரு சங்குகூட எடுக்கல. மேல ஏறி வந்துட்டேன்" என்றார்.

எத்தனை நாளாக அங்கே நின்றிருக்கும் என்று அலமு கேட்டாள். அது யாருக்குத் தெரியும் என்று அவர் சொன்னார். நியாயமான கேள்விதான், நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். ஆனால் நான் கேட்டுவிட்டு மறந்திருப்பேன். அவள் அடுத்த வாரம் மீன் தொட்டி விற்கிற கடைக்குப் போய் இரண்டடித் தொட்டி ஒன்று வாங்கிவந்தாள். பூவைத் தண்ணீருக்குள் நிறுத்த, செலஸ்டின் அண்ணாச்சி தன் பழைய வலையிலிருந்து பதினெட்டு ஈயக்குண்டுகளைப் பிரித்துக் கொடுத்தார்.

அவளுடைய முறை கண்டிப்பானது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு பூ. காலையில் பறித்த பூவாக இருக்கவேண்டும். வைத்த நேரத்திலிருந்து இரண்டு மணிக்கு ஒருமுறை படம். இதழ்கள் மெல்லக் கண்ணாடிபோல் ஆகும், நரம்பு தெரியும், குமிழிகள் ஒவ்வொன்றாக விட்டுப் போகும். கடைசியில் ஓர் இதழ் தன்னைத் தாங்கமுடியாமல் சாயும். அந்த நேரத்தை நோட்டில் எழுதிவிட்டு, கடைசிப் படத்தை எடுத்து, பூவை மண்ணில் புதைப்பாள்.

தண்ணீர் மட்டும் என் பொறுப்பு. குழாயில் வருகிற ஆற்றுத் தண்ணீர், நான்கு வாளி. எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. இரண்டாவது பூவுக்குக் குழாயில் தண்ணீர் வராத நாளில் அதை ஊற்றினேன். காலையில் வைத்த பூ சாயங்காலமே தொய்ந்துவிட்டது. அலமு அதைக் கணக்கில் சேர்க்காமல் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தாள். உப்பு என்ன செய்யும் என்று நான் தெரிந்துகொண்டது அப்போதுதான்.

மொத்தம் இருபத்தொரு பூ என்றாள். ஏன் இருபத்தொன்று என்று கேட்டேன். கூடத்துச் சுவரை அளந்து பார்த்தேன், அவ்வளவுதான் மாட்டமுடியும் என்றாள்.

இரண்டு புள்ளி மூன்று

பன்னிரண்டு பூ முடிந்திருந்தது. பதின்மூன்றாவதாக அன்று காலை ஒரு தாமரையை வைத்துவிட்டு, திருநெல்வேலிக்குத் துணைக்கு வரச்சொன்னாள். கண்ணாடி மாற்றத்தான் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

போன இடம் வேறு. பெண் மருத்துவர். அலமு ஏற்கெனவே இரண்டு முறை தனியாக வந்து சோதனை எல்லாம் செய்திருக்கிறாள். இடது மார்பில் கட்டி. இந்த மூன்று சொல்லை எழுதவே எனக்கு இத்தனை மாதம் ஆகியிருக்கிறது. இரண்டு புள்ளி மூன்று சென்டிமீட்டர் என்றார் மருத்துவர். அதிகபட்சம் மூன்று வாரத்துக்குள் அறுவை செய்துவிட வேண்டும், தள்ளிப்போட்டால் அவரால் எதுவும் சொல்லமுடியாது என்றார். அலமு தலையை ஆட்டினாள். நான் மேசைமேல் இருந்த பேனாக்களை எண்ணினேன்.

பேருந்தில் ஊர் திரும்பினோம். வீட்டுக்குள் நுழைந்ததும் நேராகத் தொட்டிக்குப் போனாள். தாமரையை ஒரு படம் எடுத்தாள்.

"ஒம்பது பூ இருக்குண்ணே. முடிச்சிட்டு வாரேன்."

எனக்குக் கணக்கு உடனே வந்துவிட்டது. முடிந்த பன்னிரண்டு பூவும் சராசரியாகப் பூவுக்கு நான்கு நாள் எடுத்திருந்தன. ஒன்பதுக்கு முப்பத்தாறு. மருத்துவர் கொடுத்தது இருபத்தொன்று. பதினைந்து நாள் அதிகம்.

தொட்டியில் இரண்டிரண்டாகப் போடச் சொன்னேன்.

"சாகும்போது கூட்டமா இருந்தா எதுவும் தெரியாது" என்றாள்.

அறுவை முடிந்து வந்து மீதியை எடுக்கச் சொன்னேன். அதற்கு அவள் சொன்ன பதிலை இங்கே மாற்றாமல் எழுதுகிறேன். "அப்புறம் நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாது. பயந்துபோனவ எடுக்க படம் வேற மாதிரி இருக்கும். இப்ப இருக்க கண்ணாலயே முடிச்சிருதேன்."

பிடிவாதம் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேருக்கும் சமமாக வந்தது. நான் அன்று சாயங்காலத்துக்குள் ஏழு முறை கேட்டேன். ஏழு முறையும் அவள் லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் தாமரை ஆறு நாள் நின்றது. என் வாழ்க்கையில் ஒரு பூவை அவ்வளவு வெறுத்தது கிடையாது. தினமும் காலையில் போய்ப் பார்ப்பேன். கன்றிப்போய், கண்ணாடிபோல் மெலிந்து, இதழ் முழுக்க நரம்பு தெரிய, அப்படியே நின்றுகொண்டிருக்கும். அலமு பக்கத்தில் உட்கார்ந்து, அழகா இருக்கில்ல என்று கேட்பாள். எனக்குத் தெரிந்தது ஆறு கோடு. மிச்சம் பதினைந்து.

ஏழாம் நாள் செவ்வரளி வைத்தாள். அன்று மதியம்தான் நான் உப்புச் சாடியைத் திறந்தது.

ஒரு பிடி, இரண்டு பிடி

அரளி அன்று மாலையே சாய்ந்துவிட்டது. அலமு நோட்டில் நேரத்தை எழுதினாள். ஒரு கணம் பேனாவை நிறுத்தினாள். வெயில் அதிகமோ என்றாள். இருக்கும் என்றேன்.

எட்டாம் நாள் பூவரசு, ஒரு பிடி. ஒன்பதாம் நாள் ஆவாரம்பூ, ஒரு பிடி. இரண்டுமே ஒரு நாளில் முடிந்தன. பத்தாம் நாள் எருக்கு. எருக்கம்பூ மெழுகில் செய்ததுபோல் இருக்கும், எளிதில் அசையாது. முதல்நாள் ஒரு பிடி, மறுநாள் ஒரு பிடி. பதினொன்றாம் நாள் சாயங்காலம் அதுவும் இறங்கிவிட்டது. நாள்காட்டியின் பின்பக்கம் பென்சிலால் கோடு போட்டு வைத்தேன். இந்த வேகத்தில் போனால் பதினாறாம் நாள் எல்லாம் முடிந்துவிடும். ஐந்து நாள் கையில் நிற்கும்.

உப்புச் சாடி காலியானதும் மளிகைக் கடையில் இன்னும் இரண்டு பொட்டலம் வாங்கினேன். வழியில் செலஸ்டின் அண்ணாச்சி பார்த்துவிட்டார். "என்ன அண்ணாச்சி, பெருமாள் கோயில்காரங்க கருவாடு போட ஆரம்பிச்சாச்சா?" என்றார். அவருக்குக் கேட்காத காதுப் பக்கமாக ஏதோ சொல்லிவிட்டு நடந்தேன்.

எனக்கு உறுத்தவில்லையா என்று கேட்டால், உறுத்தியது. படங்களைக் கணினியில் போட்டு அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். முன்பெல்லாம் என்னையும் கூப்பிட்டுக் காட்டுவாள். அந்த நான்கு பூவுக்கும் கூப்பிடவில்லை. அதை நான் கவனித்திருக்கவேண்டும். நாள்களைத்தான் கவனித்தேன்.

அறுபத்து நான்கு அறைகள்

பன்னிரண்டாம் நாள் சங்குப்பூ. வழக்கம்போல மதியம் ஒரு பிடி போட்டேன். மூன்றரை மணிக்கு அலமு கூப்பிட்டாள்.

"அண்ணே, இங்கன வாங்க."

மேசையில் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு நுண்ணோக்கி இருந்தது. பள்ளியில் வேண்டாமென்று கழித்துப்போட்டதை அவள் கேட்டு வாங்கிவந்தது. பரணில் கிடந்ததை இறக்கித் துடைத்திருந்தாள். கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாள். பார்த்தேன்.

நீலநிறத்தில் சின்னச் சின்ன அறைகள், செங்கல் அடுக்கியதுபோல. ஒவ்வோர் அறைக்குள்ளும் நீலம் சுவரை விட்டு விலகி, நடுவில் சுருங்கிய பைபோல் கிடந்தது.

"என்ன தெரியுது?"

"அறை அறையா இருக்கு. உள்ள இருக்கது சுருங்கியிருக்கு."

"எத்தனை?"

"அறுபத்தி நாலு."

அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கண்ணாடித் துண்டை வைத்தாள். அதே பூவின் மற்றோர் இதழ், காலையில் தொட்டியில் வைப்பதற்கு முன்னால் கிள்ளியது. அதில் நீலம் அறை முழுவதும் நிறைந்திருந்தது.

"முப்பத்தொரு வருசம் இதத்தான் பாடம் எடுத்தேன். உப்புத் தண்ணில போட்டா உள்ள இருக்க தண்ணி வெளிய போயிரும். பதினோராங்கிளாஸ் பிள்ளைகளுக்கு முதல் பிராக்டிகல் இதுதான். அரளி அன்னைக்கே எனக்குச் சந்தேகம். எருக்குல உறுதியாயிட்டு. நீங்களாச் சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

முப்பத்தொரு ஆண்டில் பள்ளியில் என்ன சொல்லிக்கொடுக்கிறாள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. எத்தனை பீரியட் என்று மட்டும் கேட்டிருக்கிறேன்.

படம் நன்றாகத்தானே வந்திருக்கிறது என்றேன்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய்" என்றாள். "அதது தன் நேரத்துல சாயணும். அதுக்காகத்தான நான் உக்காந்திருக்கேன். இந்த அஞ்சும் செல்லாது. திரும்ப எடுக்கணும்."

இதைக் கேட்டதும் என் கணக்கு மறுபடி ஓடியது. ஐந்தும் மீதி மூன்றும் எட்டு. எட்டுக்கு முப்பத்திரண்டு நாள். பன்னிரண்டையும் சேர்த்தால் நாற்பத்து நான்கு. உப்பே போடாமல் இருந்திருந்தால் முப்பத்தெட்டில் முடிந்திருக்கும். நான் தொட்டதால் ஆறு நாள் தள்ளிப்போனது.

பிறகு நான் ஒன்று சொன்னேன். அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

எங்கள் அம்மா வயிற்றில் ஒரு அறுவையின்போது இறந்துபோனாள். அலமு அப்போது பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அறுவைக்கு மருத்துவர் குறித்துக்கொடுத்த நாள் வேறு. எனக்கு அந்தச் சமயம் பதவி உயர்வுக்கான தேர்வு இருந்தது. அது முடியட்டும் என்று நான்தான் அம்மாவைக் கேட்டுக்கொண்டேன். அவளும் சரி என்றாள். அவள் எதற்கும் சரி என்பவள். இருபத்து மூன்று நாள் தள்ளிவைத்தோம். அலமுவுக்கு எழுதிய கடிதத்தில், மருத்துவர் ஊரில் இல்லை, அதனால் தள்ளிப்போகிறது என்று எழுதினேன். அறுவை முடிந்து வெளியே வந்த மருத்துவர், கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கக்கூடாதா என்று கேட்டார். அப்பா அப்போது டீ வாங்கப் போயிருந்தார்.

தேர்வில் தேறினேன். இரண்டாவது இடம்.

இதை நான் சொல்லி முடிக்கும்வரை அலமு நுண்ணோக்கியின் திருகைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"இன்னொரு தடவ அப்படி எண்ண என்னால ஆகாதுளா" என்றேன்.

அவள் எழுந்தாள். தொட்டித் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு முற்றத்தில் கொட்டினாள். நான் எடுக்கவந்தபோது கையைத் தட்டிவிட்டாள். கடைசி வாளியை வைத்துவிட்டு, "நீங்க எழுதுன அந்த லெட்டர் இன்னும் என்ட்ட இருக்கு" என்றாள். இரவுச் சாப்பாட்டுக்கு இரண்டு தோசை வைத்தாள். வழக்கமாக மூன்று.

மறுநாள் காலை தொட்டியில் ஆற்றுத் தண்ணீர் நிரம்பியிருந்தது. நான்கு வாளியும் அவளே சுமந்திருக்கிறாள். உள்ளே ஒரு புதிய செவ்வரளி.

"வெள்ளிக்கிழமைக்கு டாக்டர்ட்ட சொல்லியாச்சு" என்றாள் என்னைப் பார்க்காமல். "ஆனா இந்தப் பூவும் வரும். நான் உள்ள இருக்கும்போது நீங்கதான் எடுக்கணும். உப்பில்லாம."

மீதி ஏழு என்ன ஆவது என்று கேட்டேன்.

"இருந்தா வந்து பாத்துக்கிடுவோம்" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அரளி

வியாழக்கிழமை வாடகைக் காரில் போனோம். பூவைத் தொட்டித் தண்ணீரோடு அகலவாய் ஊறுகாய்ப் பாட்டிலுக்கு மாற்றி, என் மடியில் வைத்திருந்தேன். ஊருக்கு வெளியே வந்ததிலிருந்து மருத்துவமனை வாசல்வரை முப்பத்தொரு வேகத்தடை. ஒவ்வொன்றுக்கும் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தேன். அலமு முன்னிருக்கையில் தூங்கிவிட்டாள்.

இரண்டாம் மாடி. அறையில் சன்னல் திட்டில் பாட்டிலை வைத்த கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒருத்தி வந்தாள். திசையன்விளைப் பக்கத்துப் பெண். ஊசி மருந்தை எடுத்து வைத்தவள் பாட்டிலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"தாத்தா, இது அரளில்லா?"

"ஆமா."

"அரளியத் தண்ணில ஊறப்போட்டு எதுக்கு வச்சிருக்கிய?"

"அது எப்ப சாகுதுன்னு பாக்கணும்" என்றேன்.

உண்மையைத்தான் சொன்னேன். சொல்லிய பிறகுதான் எங்கே நின்று சொல்கிறேன் என்பது உறைத்தது. அந்தப் பெண் கட்டிலில் இருந்த அலமுவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வேகமாக வெளியே போனாள். எங்கள் பக்கத்தில் அரளியை அரைத்துக் குடித்தவர்களை அவள் எத்தனை பேர் பார்த்திருப்பாளோ. தலைமை நர்ஸோடு திரும்பி வந்தாள். அலமு படுத்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள். அந்த இரண்டு வாரத்தில் அவள் சிரித்தது அதுதான். நோட்டையும் படங்களையும் காட்டி விளக்கினாள். எல்லாம் கேட்டுவிட்டுத் தலைமை நர்ஸ், படம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் அரளி வார்டுக்குள் இருக்கக்கூடாது என்றார்.

எனவே பாட்டில் கீழே போனது. நுழைவாயிலில் காவலாளி மேசைக்குப் பக்கத்துத் திண்டில் இடம் கிடைத்தது. யாரும் தொடாமல் பார்த்துக்கொள்வதாகக் காவலாளி சொன்னார். மேலே அறுவை அறைக்கும் கீழே பாட்டிலுக்கும் நடுவில் நாற்பத்து நான்கு படி. அரைமணிக்கு ஒருமுறை நான் இறங்கி என் கைப்பேசியில் படமெடுக்கவேண்டும் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு அலமுவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு மூடுவதற்கு முன், பூவுக்கு இன்று நான்காம் நாள், கவனமாகப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பதினொன்றுக்கு இறங்கினேன். ஐந்து இதழும் நின்றன. பதினொன்றரை, பன்னிரண்டு, பன்னிரண்டரை, மூன்று முறையும் அப்படியே. ஒரு மணிக்குப் பார்த்தபோது ஓர் இதழின் ஓரம் உள்ளே மடங்கத் தொடங்கியிருந்தது. சாயவில்லை. குமிழி நான்குதான் மிச்சம். படமெடுத்துவிட்டு ஏறினேன்.

ஒன்று இருபதுக்கு அறுவை அறைக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி ஏறக்குறைய ஓடினாள். மூன்று நிமிடத்தில் இரண்டு ரத்தப் பைகளோடு திரும்பி உள்ளே போனாள். நான் கேட்டது அவள் காதில் விழவில்லை, அல்லது விழுந்தும் பதில் சொல்லவில்லை.

ஒன்றரை ஆயிற்று. கடிகாரம் எனக்கு எதிரில்தான் இருந்தது. படி இடதுபக்கம் எட்டடியில் இருந்தது. நான் கதவின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டும் ஆயிற்று. உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

இரண்டு இருபத்தைந்துக்கு மருத்துவர் வந்தார். முகக்கவசத்தை இறக்கினார். கொஞ்சம் ரத்தம் கூடுதலாகப் போயிற்று, சமாளித்துவிட்டோம், எடுக்கவேண்டியதை எடுத்தாயிற்று என்றார். நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். இருக்கிறார், சோதனை முடிவு வந்ததும் மேற்கொண்டு பேசுவோம் என்றார். அப்போதும் நான் நகரவில்லை. அவளைத் தள்ளுபடுக்கையில் வெளியே கொண்டுவந்து, மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்து, அறையில் சேர்த்த பிறகுதான் கீழே போனேன். நான்கு இருபது.

ஐந்து இதழும் சாய்ந்து பாட்டிலின் அடியில் கிடந்தன. குமிழி ஒன்றும் இல்லை. முதலில் எந்த இதழ் என்றுகூடச் சொல்லமுடியாது. காவலாளியைக் கேட்டேன். அவர் சாப்பிடப் போயிருந்தாராம்.

ஒன்று முதல் நான்கு இருபதுவரை. நடு நேரம் இரண்டு நாற்பது. துறைமுகத்தில் கண்ணில் படாமல் போன சிலிங்குக்கு, கிரேன்காரனைக் கேட்டு உத்தேசமாகக் கோடு போடுவது உண்டு. யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். முப்பத்து நான்கு ஆண்டில் அப்படி எத்தனை போட்டேன் என்பதை மட்டும் நான் எண்ணவில்லை. இரண்டு நாற்பது என்று சொன்னால் அலமுவும் நம்புவாள். மடங்கிய ஓரத்தின் ஒரு மணிப் படம் அதற்குச் சாட்சியாக இருந்தது.

ஆறு மணிக்கு மேல் அவள் கண்ணைத் திறந்தாள். உதடு காய்ந்திருந்தது. நர்ஸ் சொன்னபடி ஈரப் பஞ்சால் தடவினேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.

"எப்பண்ணே சாஞ்சிது?"

"நான் பாக்கலளா."

"ஏன்?"

"ஒரு மணிக்கு மேல நான் கீழ போகல. கதவுகிட்டயே நின்னுட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். வலது கை மெல்ல நகர்ந்து வந்து என் சட்டை முனையைப் பிடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை தலையணையில் சாய்ந்து உட்கார முடிந்ததும் நோட்டைக் கேட்டாள். என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு எழுதினாள். அவள் தூங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன். செவ்வரளி, வைத்த நேரம், குமிழி விடத் தொடங்கிய நேரம் எல்லாம் பழைய கையெழுத்தில் இருந்தன. முதல் இதழ் சாய்ந்த நேரம் என்ற இடத்தில், கோணலான எழுத்தில், இப்படி இருந்தது:

பார்க்கவில்லை. அண்ணன் மாடியில் என்னோடு இருந்தார்.